ஒரே வடிகாலில் கலந்த கழிவுகள்: கிருஷ்ணகிரி வட்டார எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி இயங்கும் நடுத்தர அளவிலான சமையல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்று, தன் கழிவுகளைக் கையாண்ட முறையையும் பின்னர் அதில் செய்துகொண்ட மாற்றங்களையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. உடன்பாட்டின்படி ஆலையின் பெயரும் அது அமைந்துள்ள ஊரின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறனுள்ள இந்த ஆலைக்கு, சூரியகாந்திக் கச்சா எண்ணெய் சென்னைத் துறைமுகத்திலிருந்து டேங்கர் லாரிகளில் வருகிறது. அறுவடைக் காலத்தில் பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை பக்கத்து மானாவாரி நிலங்களில் விளைந்த நிலக்கடலையின் எண்ணெயும் ஓரளவு வந்து சேர்கிறது.

கச்சா எண்ணெயில் பிசின், கட்டற்ற கொழுப்பு அமிலம், நிறமிகள், மெழுகு, வாடை தரும் பொருட்கள் ஆகியவை கலந்திருக்கும். இவற்றில் பிசின் நீராலும் பாஸ்பாரிக் அமிலத்தாலும், அமிலம் காஸ்டிக் சோடாவாலும், நிறம் பிளீச்சிங் எர்த் எனப்படும் களிமண்ணாலும், வாடை வெற்றிடத்தில் செலுத்தப்படும் நீராவியாலும் ஒவ்வொன்றாக நீக்கப்படுகின்றன. நீக்கப்பட்டவை அனைத்தும் ஆலையின் பின்வாசல் வழியாகவே வெளியேறியாக வேண்டும். இந்த ஆலையில் அந்தப் பின்வாசல், சிமென்ட் பூசிய ஒரே ஒரு திறந்த வடிகாலாக இருந்தது. பிசினும், சோப் ஸ்டாக் எனப்படும் சவுக்காரக் குழம்பை அமிலத்தால் பிளந்த நீரும், எண்ணெய் கழுவிய வெந்நீரும், தரை கழுவிய நீரும், பாய்லரின் கழிவு நீரும் அதில் கலந்து ஈ.டி.பி. எனப்படும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேகரிப்புத் தொட்டியைச் சென்றடைந்தன. அண்டை நிலத்தவர்கள் புகார் செய்தபோது, பிரச்சினை ஈ.டி.பி.யின் திறன் போதாமைதான் என்று நிர்வாகம் கருதியது. நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னக் காற்று செலுத்தும் காற்றூட்டத் தொட்டி ஒன்றைக் கூடுதலாகக் கட்டுவதற்கு மதிப்பீடும் வாங்கி வைத்திருந்தது. அந்தத் தொட்டியைக் கட்டியிருந்தாலும் பயன் விளைந்திருக்காது என்பதே எங்கள் முடிவு. தனித்தனியாக இருந்தால் விலை போகக்கூடிய பொருட்கள் கலந்த பின் விலை போகாமல் நின்றன. தனியாக இருந்தால் எளிதில் சுத்திகரிக்கக்கூடிய நீரும் கலந்த பின் எதற்கும் அடங்காததாயிற்று.

புகாரும் அதன் வேரும்

அண்டை நிலத்தவர்கள் இரண்டு புகார்களை முன்வைத்தனர். மாலை வேளையில் அழுகிய முட்டை நாற்றம் ஊர் வரை வருகிறது என்பது ஒன்று. சுத்திகரிக்கப்பட்டதாகச் சொல்லி ஆலை தன் எல்லையோரத் தென்னைகளுக்கு விட்ட நீர், வேலி தாண்டிக் கசிந்து மேல்மண்ணில் உப்பை வெள்ளைப் பூப்போல் பூக்க வைத்துவிட்டது என்பது மற்றொன்று. இரண்டும் தொடர்பற்றவை போலத் தோன்றினாலும், இரண்டுக்கும் மூலம் ஒரே மூட்டை காஸ்டிக் சோடாதான்.

கட்டற்ற கொழுப்பு அமிலத்தைக் காஸ்டிக் சோடா சவுக்காரமாக மாற்றுகிறது. நீரும், கொஞ்சம் நல்ல எண்ணெயும், சவுக்காரமும் கலந்த பழுப்பு நிறக் குழம்பையே ஆலைக்காரர்கள் சோப் ஸ்டாக் என்கிறார்கள். இதைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடாக்கிக் கந்தக அமிலம் சேர்த்தால் சவுக்காரம் பிளந்து கொழுப்பு அமிலம் மேலே மிதக்கும். ஆசிட் ஆயில் என்ற பெயரில் விற்பனையாவது அதுதான். அடியில் நிற்கும் அமில நீரில் சோடியம் சல்பேட் உப்புக் கரைந்திருக்கும். இந்த ஆலை சோப் ஸ்டாக்கைத் தன் வளாகத்திலேயே பிளந்து, ஆசிட் ஆயிலை விற்று, அடி நீரைச் சுண்ணாம்பு போட்டு வடிகாலில் விட்டுவந்தது. சுண்ணாம்பு அமிலத்தன்மையைக் குறைக்குமே தவிர, சோடியத்தைத் தொடுவதில்லை. கரைந்திருக்கும் சல்பேட்டிலும் ஒரு பகுதியையே ஜிப்சமாகப் படிய வைக்கிறது.

அந்த நீர் சேகரிப்புத் தொட்டியில் கொழுப்போடு கலந்து, மேலே எண்ணெய் ஆடை மூடிக்கொள்ள, காற்றே புகாமல் இரண்டு மூன்று நாட்கள் தேங்கியது. காற்றில்லாத இடத்தில் வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் சல்பேட்டிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளிவிடுகின்றன. முட்டை நாற்றம் அந்த வாயுவினுடையது. தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலிருந்த கான்கிரீட் விரலால் சுரண்டினாலே உதிர்ந்ததற்கும் அதே வாயு காரணம். ஈரச் சுவரில் அது மீண்டும் கந்தக அமிலமாக மாறிச் சிமென்டைத் தின்கிறது. இங்கே ஆலை நிர்வாகங்களின் கவனத்துக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடின் செறிவு பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டும்போது மூக்கு மரத்து, நாற்றம் தெரியாமல் போய்விடும். நாற்றம் குறைந்துவிட்டது என்று நம்பி அப்படிப்பட்ட தொட்டிக்குள் ஆளை இறக்குவது கொலைக்கு ஒப்பானது. இந்த ஆலையில் அடிச்சேற்றை ஆள் இறங்கி வாரும் வழக்கம் இருந்தது. ஆய்வின் முதல் பரிந்துரையாக அதை உடனே நிறுத்தச் சொன்னோம்.

உப்புக் கணக்கு

நிர்வாகத்தை இணங்க வைத்தது ஆய்வகச் சோதனை அறிக்கைகளைவிட, அவர்கள் கண் முன்னே ஒரு தாளில் போட்டுக் காட்டிய எளிய கணக்குதான். 40 டன் எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் 1.5 விழுக்காடு என்று கொண்டால் அதன் அளவு 600 கிலோ. அதைச் சவுக்காரமாக்க ஏறத்தாழ 85 கிலோ காஸ்டிக் சோடா போதும். வழக்கமாகச் சேர்க்கும் 20 விழுக்காடு கூடுதலையும் கணக்கில் எடுத்தால் 102 கிலோ. அதைப் பிளக்கக் குறைந்தது 125 கிலோ கந்தக அமிலம் வேண்டும். அதன் முடிவில் நாள்தோறும் 181 கிலோ சோடியம் சல்பேட் உருவாகிறது. தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழங்கும் இசைவாணைகளில் கரைந்த திடப்பொருட்களுக்கு லிட்டருக்கு 2100 மில்லிகிராம் என்ற வரம்பு விதிக்கப்படுகிறது. 181 கிலோ உப்பை அந்த வரம்புக்குள் கொண்டுவர வேண்டுமானால், உப்பே இல்லாத நீர் ஏறத்தாழ 86,000 லிட்டர் தேவைப்படும். ஆலையின் மொத்தக் கழிவுநீரே அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நல்ல நீரைச் சேர்த்து நீர்க்கச் செய்வது சட்டப்படி தவறு. அப்படியே செய்ய நினைத்தாலும், இந்த மாவட்டங்களில் அதற்கான நீருக்கு எங்கே போவது?

காற்றூட்டத் தொட்டி ஒன்றல்ல, ஒன்பது கட்டினாலும் உப்பு ஒரு கிலோகூடக் குறையாது. நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைத் தின்னும்; உப்பைத் தின்பதில்லை. சவ்வூடு வடிகட்டியும் ஆவியாக்கியும் வைத்து உப்பைத் திடமாகப் பிரித்தெடுக்கலாம். ஆனால் இந்த அளவுள்ள ஆலைக்கு அதன் முதலீடும் எரிபொருள் செலவும் கட்டுப்படியாகாது. பிரித்தெடுத்த கலப்பட உப்பையும் வாங்குவார் இல்லாமல் பாதுகாப்பான நிரப்பிடத்துக்குக் காசு கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி அமைப்பு இந்தக் கணக்கை இன்னும் கடுமையாக்குகிறது. இங்கு நிலத்தடி நீர் கடும்பாறையின் வெடிப்புகளில்தான் தங்கியிருக்கிறது. மேலேயிருந்து கசியும் மாசுநீர் மணற்பாங்கான நிலத்தில்போல மெல்ல வடிந்து பரவாமல், ஒரு வெடிப்பைப் பிடித்துக்கொண்டு நேராக அடுத்த கிணற்றை எட்டிவிடுகிறது. ஏற்கெனவே ஃபுளோரைடு மிகுந்த நீர் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. காவிரி நீர் குழாயில் வந்துவிட்டது என்பதற்காகக் கிணறுகளைக் கைவிட்டுவிட முடியாது. பாலக்கோட்டுத் தக்காளியும், காவேரிப்பட்டினம் பக்கத்து மாந்தோப்புகளும், மாட்டுத் தொட்டிகளும் இன்றும் அந்தக் கிணறுகளையே நம்பியிருக்கின்றன. சோடியம் மிகுந்த நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் களிமண் துகள்கள் சிதறி மண் இறுகி, மழைநீர்கூட உள்ளே இறங்காமல் போகும். வேலியோரத்து வெள்ளைப் பூவின் பொருள் அதுதான்.

எனவே ஆலை சோப் ஸ்டாக்கைத் தானே பிளப்பதை நிறுத்தியது. மூடிய, நீராவிச் சுருள் பொருத்திய தொட்டியில் அது தனியாகச் சேமிக்கப்பட்டு, கொழுப்பு அளவு சோதிக்கப்பட்டு, அந்த அளவை வைத்து விலை பேசப்பட்டுச் சலவை சோப்புத் தயாரிப்பாளர்களுக்குச் செல்கிறது. ஆசிட் ஆயிலாக விற்றபோது கிடைத்த விலை இதற்குக் கிடைக்காது என்று கணக்குப் பிரிவு முதலில் எதிர்த்தது. அமிலம், சுண்ணாம்பு, நீராவி, சேறு அகற்றுதல் ஆகியவற்றின் செலவைக் கழித்துப் பார்த்த பிறகு எதிர்ப்பு அடங்கியது. சோப் ஸ்டாக் கெட்டுப்போகும் பொருள் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். ஏப்ரல், மே மாத வெயிலில் சில நாட்களிலேயே புளித்துப் பொங்கத் தொடங்கிவிடும். வாங்குபவர் லாரி அனுப்பத் தவறினால் பழைய வழக்கம் திரும்பிவிடும் என்பதால், குறைந்தது இரண்டு வாங்குபவர்களோடு ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனையாக்கப்பட்டது.

இதைவிட எளிய, செலவேயில்லாத திருத்தம் ஒன்று முன்பே செய்யப்பட்டிருக்கலாம். எந்த டேங்கர் வந்தாலும் ஒரே அளவு காஸ்டிக்கை ஊற்றும் பழக்கம் இருந்தது. இப்போது ஒவ்வொரு டேங்கரின் அமில அளவும் சோதிக்கப்பட்டு அதற்கேற்பக் காஸ்டிக் அளக்கப்படுகிறது. கூடுதல் காஸ்டிக் உப்பை மட்டும் பெருக்குவதில்லை. நல்ல எண்ணெயையும் சவுக்காரமாக்கி வீணடிக்கிறது.

பிசினைச் சோப் ஸ்டாக்கிலிருந்து பிரித்ததும் முக்கியமானதே. பிளக்கும் தொட்டியின் கண்ணாடிக் குழாயில் பார்த்தால், மேலே கருஞ்சிவப்பு எண்ணெயும் கீழே மங்கலான நீரும் இருக்க, நடுவில் பஞ்சு போன்ற அழுக்கு அடுக்கொன்று எந்தப் பக்கமும் சேராமல் நிற்பது தெரியும். பிசினிலுள்ள பாஸ்படைடுகள் எண்ணெயையும் நீரையும் பிணைத்து வைப்பதால் உண்டாவது அது. அந்த அடுக்கைத்தான் இவர்கள் வாரந்தோறும் வடிகாலில் திறந்துவிட்டார்கள், ஈ.டி.பி.யின் மேல் மிதந்த கொழுப்பில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததே. தனியாக எடுத்து உலர்த்திய பிசினுக்குக் கால்நடைத் தீவனத்தில் இடமுண்டு.

பில்டர் கேக்

மேலாளர்கள் பொருட்படுத்தாத கழிவாக இருந்தாலும், நாங்கள் அதிக நேரம் செலவிட்டது பயன்படுத்திய பிளீச்சிங் எர்த்தின் மீதுதான். எண்ணெயின் எடையில் 1.5 விழுக்காடு என்ற அளவில் நாளொன்றுக்கு 600 கிலோ களிமண் செலவாகிறது. வடிகட்டியிலிருந்து இறங்கும்போது அது வெறும் களிமண்ணாக இருப்பதில்லை. எடையில் 30 விழுக்காடு எண்ணெய் தங்கியிருந்தால், பில்டர் கேக் எனப்படும் இந்த எண்ணெய்க் களிமண் ஏறத்தாழ 857 கிலோ. அதில் எண்ணெய் மட்டும் 257 கிலோ. வடிகட்டியைத் திறக்கும் முன் போதிய நேரம் உலர் நீராவி செலுத்தித் தகடுகளில் ஒட்டிய எண்ணெயைத் தள்ளினால், 20 விழுக்காடு வரை இறக்கலாம். அப்போது எண்ணெய் 150 கிலோவாகக் குறைகிறது. நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேலும், ஆண்டுக்கு 300 வேலை நாட்கள் எனக் கொண்டால் ஏறத்தாழ 32 டன்னும் விற்பனைக்குரிய எண்ணெய்.

இது ஏன் நடக்கவில்லை என்பது வடிகட்டியின் அருகே நின்றபோது விளங்கியது. அடுத்த சரக்கு காத்திருக்கிறது என்ற அவசரத்தில், நீராவி வால்வைத் திறந்து, வெளிக்குழாயில் எண்ணெய் கனமாக ஓடும் வரை மட்டும் விட்டு, ஓட்டம் மெலிந்ததும் மூடிவிட்டார்கள். கேக் தகட்டிலிருந்து கறுத்த ஈரப் பாளங்களாக விழுந்தது. கையில் பிசைந்தால் விரலிடுக்கில் எண்ணெய் வழிந்தது. நன்றாக ஊதப்பட்ட கேக் சாம்பல் கலந்த பழுப்பாக, கையில் பொடிந்து உதிர வேண்டும். நீராவி ஈரமாக இருந்தால் களிமண் குழைந்து வடிகட்டித் துணியை அடைத்துவிடும் என்ற அச்சமும் ஆபரேட்டர்களுக்கு இருந்தது. அது நியாயமான அச்சம். நீராவிக் குழாயில் நீர்ப் பிரிப்பான் பொருத்திய பிறகே அவர்கள் முழு நேரமும் ஊத இணங்கினார்கள்.

எண்ணெய் மிகுந்த கேக்குக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. "ரெண்டு நாள் சாக்குல கட்டி வெச்சா தானாவே புகைய ஆரம்பிச்சிடும் சார்" என்றார் மூத்த ஆபரேட்டர். அது மிகையன்று. களிமண்ணின் நுண்துளைகளில் மெல்லிய படலமாகப் பரவிய நிறைவுறா எண்ணெய், காற்றோடு வினைபுரிந்து சூடாகிறது. குவியல் பெரிதாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தீப்பற்றுகிறது. பாமாயிலைவிடச் சூரியகாந்தியில் இது விரைவாக நிகழும். சாக்கு மூட்டைகளை மரக்கட்டைகளுக்கும் பாய்லர் எரிபொருளான கடலைத்தோல் கட்டிகளுக்கும் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தபோது, இந்த ஆலை இதுவரை எரியாமல் இருந்ததே வியப்பாக இருந்தது. இப்போது கேக், சிறு இரும்புத் தொட்டிகளில் நீர் தெளிக்கப்பட்டு, கூரையுள்ள தனித் தளத்தில் வைக்கப்பட்டு, விரைவில் அனுப்பப்படுகிறது.

எங்கே அனுப்புவது? மூன்று வழிகள் பரிசீலிக்கப்பட்டன. சிமென்ட் ஆலையின் சூளையில் இணை எரிபொருளாகக் கொடுப்பது தொழில்நுட்ப நோக்கில் மிகச் சிறந்தது. எண்ணெய் எரிந்துவிடும், மிஞ்சும் சிலிக்காவும் அலுமினாவும் சிமென்டாக அரைக்கப்படும் கட்டியான கிளிங்கரில் சேர்ந்துவிடும். ஆனால் அரியலூர் வரை நாளொன்றுக்கு ஒரு டன்னுக்கும் குறைவான சரக்கை ஏற்றிச் செல்வது கட்டுப்படியாகவில்லை. உலர்த்தித் தீவனத்தில் கலக்கலாம் என்று இடைத்தரகர் ஒருவர் கூறிய யோசனையை உடனே மறுத்தோம். எண்ணெயிலிருந்து நீக்க வேண்டிய நிறமிகள், பூச்சிமருந்து எச்சங்கள், உலோகத் தடயங்கள் ஆகியவற்றைப் பிடித்துவைக்கவே அந்தக் களிமண் போடப்படுகிறது. சரியாகக் காயாத கடலையில் பூஞ்சையால் உண்டாகும் அஃப்ளாடாக்சின் கச்சா எண்ணெயில் சிறிதளவு இருந்தாலும் அதுவும் காஸ்டிக்கிலும் களிமண்ணிலும்தான் போய்ச் சேர்கிறது. அதைப் பசுமாட்டுக்குப் போட்டால் பால் வழியாக மீண்டும் நம் வீட்டுக்கே வந்துவிடும்.

மூன்றாவது வழி அருகிலுள்ள செங்கல் சூளைகள். தாவர எண்ணெயின் எரிதிறன் கிலோவுக்கு ஏறத்தாழ 9,000 கிலோ கலோரி. மண்ணோடு பிசைந்த கேக்கிலுள்ள எண்ணெய் செங்கல்லுக்குள்ளிருந்தே எரிவதால் விறகு மிச்சமாகிறது. ஆனால் எண்ணெய் எரிந்த இடம் துளையாக நிற்கும். அளவு கூடினால் செங்கல் நீரை அதிகம் உறிஞ்சும், வலுவும் குறையும். ஆகவே சிறு விகிதத்தில் தொடங்கி, ஒவ்வொரு விகிதத்துக்கும் சோதனைச் செங்கற்கள் சுடப்பட்டு, இந்தியத் தரநிலை 1077 கேட்கும் நீர் உறிஞ்சல், அழுத்த வலிமைச் சோதனைகளுக்கு அனுப்பப்பட்டன. சூளைக்காரர் சோதனை முடிவைவிடச் செங்கல்லைத் தட்டிப் பார்த்த ஒலியையே நம்பினார். இரண்டும் ஒத்தே இருந்தன. சூடேறும் தொடக்கத்தில் கிளம்பும் கரும்புகை மட்டும் இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

ஆவணங்களும் வாங்குபவர்களும்

கழிவை விற்பதோடு ஆலையின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவுகள் மேலாண்மை விதிகளின்படி, இசைவாணையில் அபாயகரமானது என வகைப்படுத்தப்பட்ட எந்தக் கழிவையும் 90 நாட்களுக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. அதை வேறொரு தொழிலின் மூலப்பொருளாகவோ எரிபொருளாகவோ பயன்படுத்துபவர், விதி 9-இன் கீழ் மாநில வாரியத்திடம் அனுமதி பெற்றிருக்க வேண்டும். இந்த ஆலையில் வனஸ்பதி தயாரிப்பு இல்லாததால் நிக்கல் வினையூக்கிக் கழிவு என்ற பெருஞ்சிக்கல் இல்லை. ஈ.டி.பி.யின் இரசாயனச் சேறு, இயந்திரங்களின் பழைய மசகு எண்ணெய் ஆகியவை மட்டும் அந்தப் பட்டியலில் வருகின்றன. கேக் எந்த வகையில் சேர்கிறது என்பதை எழுத்துப்பூர்வமாக வாரியத்திடம் கேட்டுப் பெறுமாறு அறிவுறுத்தினோம். வாய்மொழி உறுதியை நம்பிச் சூளைக்கு அனுப்புவது இரு தரப்புக்கும் நல்லதன்று.

சோப் ஸ்டாக், நீராவியால் வாடை நீக்கும் கலனான டியோடரைசரில் வடியும் கொழுப்பு அமிலம் ஆகியவற்றின் வாங்குபவரைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மலிவான கொழுப்பு எதுவானாலும் மீண்டும் உணவுச் சங்கிலிக்குள் நுழைய வழிதேடும். சோப்புத் தயாரிப்பவர் யார், பயோடீசல் தயாரிப்பவர் யார், வாங்கி வேறு யாருக்கோ கைமாற்றும் வெறும் வியாபாரி யார் என்பதைப் பிரித்தறியாமல் அதிக விலை சொன்னவருக்கே கொடுத்துவந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. அவர்களிடம் செல்லும் சோப் ஸ்டாக்கிலிருந்து பிறக்கும் உப்புநீர் எங்கே போகிறது என்றும் கேட்கப்படுகிறது. நேரடியாகச் சோப்பாக்குபவரிடம் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இடமில்லை; அமிலம் ஊற்றிப் பிளப்பவரிடம் கேட்டாக வேண்டும். இல்லையேல் 181 கிலோ உப்பு ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு லாரியேறியது என்பதற்கு மேல் எதுவும் நடந்திருக்காது.

எஞ்சிய நீர்

வடிகால் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. எண்ணெய் கழுவிய வெந்நீர் ஒரு குழாயிலும், நீரின் கடினத்தன்மையைப் போக்கும் மென்னீராக்கியைக் கழுவிய உப்புநீரும் பாய்லர் கழிவுநீரும் இன்னொன்றிலும், மழைநீர் மூன்றாவதிலும் செல்கின்றன. இரண்டாம் கழுவலின் நீர் அடுத்த சரக்கின் முதல் கழுவலுக்குத் திரும்பப் பயன்படுகிறது. கழுவுநீரைச் சூட்டோடு சூடாகக் கொழுப்புப் பொறியில் விட்டால் எண்ணெய் பிரியாது. ஆறவிட்டு, அமிலம் சிறிதளவு சேர்த்துச் சவுக்காரத்தை உடைத்த பிறகே பிரிகிறது. அதற்குப் பின் நுண்குமிழிக் காற்று மிதப்பும் பழைய காற்றூட்டத் தொட்டியுமே போதுமானவையாக இருந்தன. எண்ணெய், கொழுப்புக்கான லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரம்பை எட்டுவது இப்போது வழக்கமான நாட்களில் கடினமாக இல்லை. தரை கழுவும் நாட்களில் மட்டும் மீறுகிறது. குளிர்விப்புக் கோபுரத்தின் அடித்தொட்டியில் வெண்ணெய் போல் படிந்திருந்த கொழுப்பு, டியோடரைசரின் கொழுப்புப் பிடிப்பான் சரியாக இயங்காததன் அடையாளம். அதைச் சீராக்கியதும் விற்பனைக்குரிய வடிபொருளின் அளவு கூடியது.

கொழுப்புப் பொறியில் வாரப்படும் கழிவை எரிவாயுவாக்கும் யோசனை இன்னும் பேச்சளவில் உள்ளது. ஒரு கிலோ கொழுப்பிலிருந்து கோட்பாட்டளவில் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும். மாவுப்பொருளைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆனால் கொழுப்பை மட்டும் தனியே ஊட்டினால் அதிலிருந்து பிரியும் நீள்சங்கிலி அமிலங்கள் நுண்ணுயிர்களை முடக்கிவிடும். கிருஷ்ணகிரியின் மாம்பழக்கூழ் ஆலைகளிலிருந்து தோலும் நாரும் குவியும் கோடை மாதங்களில் சாணத்தோடு சேர்த்து ஊட்டலாம். மற்ற மாதங்களில் கலன் எதைத் தின்று உயிர்பிழைக்கும் என்பதற்கு விடை கிடைக்காததால், ஆலை அதில் பணம் போடாதது சரியான முடிவு என்றே கருதுகிறோம்.

காஸ்டிக் சோடாவுக்குப் பதிலாகக் காஸ்டிக் பொட்டாஷைப் பயன்படுத்தினால், சோப் ஸ்டாக்கைப் பிளக்கும்போது சோடியம் சல்பேட்டுக்குப் பதிலாகப் பயிருக்கு உரமாகும் பொட்டாசியம் சல்பேட் கிடைக்கும். மாந்தோப்பும் தக்காளியும் சூழ்ந்த இந்த வட்டாரத்துக்கு மிகப் பொருத்தமான வேதியியல் அது. பொட்டாஷின் விலை சோடாவைவிட மிக அதிகம் என்பதால் தற்போதைக்கு அது எட்டாக்கனி. அமிலம் மிகுந்து வரும் எண்ணெய்க்கு, காஸ்டிக்கே இல்லாமல் நீராவியால் அமிலத்தைக் காய்ச்சிப் பிரிக்கும் முறைக்கு மாறுவதே உப்பை வேரோடு நீக்கும். அதற்கு இப்போதுள்ள டியோடரைசர் போதாது; பிசினையும் இன்னும் நுணுக்கமாக நீக்கியாக வேண்டும். டியோடரைசரை மாற்றும் காலம் வரும்போது அந்த முறைக்கேற்ற கலனையே வாங்குவது என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டுள்ளது. அதுவரை மென்னீராக்கியின் உப்புநீர் தார்ப்பாய் விரித்த சூரிய ஆவியாக்கக் குட்டையில் விடப்படுகிறது. வடகிழக்குப் பருவமழையில் அந்தக் குட்டை நிரம்பி வழியாமல் இருக்க, செப்டம்பர் முடிவதற்குள் அதன் கரையை உயர்த்தும் வேலை நடந்துவருகிறது.